பயமா இருக்குன்னு பொண்ணு சொன்னா, படிப்பை நிறுத்தணுமா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அலைந்து திரிந்து சர்டிபிகேட் எல்லாம் வாங்கினோம். அப்ளிகேஷன் போட்டோம். இடமும் கிடைத்துவிட்டது. குழுவில் உள்கடன் வாங்கி பீஸும் கட்டியாச்சு. அப்பாடா என்று உட்காரும்போது பொண்ணு வந்து சொல்கிறாள், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் காலேஜுக்குப் போகல."

ஜூன், ஜூலை மாதம் தாமல் பகுதிக் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடிய பிறகு, யாராவது ஒரு அம்மா மெதுவாக ஆரம்பிப்பார். "மேடம், எம்பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. காலேஜுன்னாலே அழறா. என்ன பண்றதுன்னே தெரியல." பக்கத்தில் இருப்பவர், "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்பார்.

அதனால் இந்த இதழில் இதைப் பற்றியே பேசுவோம். பொண்ணு ஏன் பயப்படுகிறாள்? அந்தப் பயத்தை எப்படிப் போக்கலாம்? அம்மாவான நாம் என்ன செய்யலாம்? நம் குழு என்ன செய்யலாம்?

இந்தப் பயம் எல்லோருக்கும் வரும்

பன்னிரண்டு வருஷம் பிள்ளை தெரிந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சருக்கு அவள் பேர் தெரியும், அப்பா பேர் தெரியும், எந்தத் தெரு என்று கூடத் தெரியும். கூடப் படிக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் நம்ம ஊர்க்காரர்கள். பாடம் தமிழில் நடந்தது.

காலேஜில் முதல் நாள் போய் நின்றால் ஒரு முகமும் தெரியாது. பெரிய கட்டிடம். எந்த வகுப்பு எந்த மாடியில் என்று தெரியாது. சிலர் இங்கிலீஷில் பேசுகிறார்கள். இந்த நிலையில் பயம் வரவில்லை என்றால்தான் ஆச்சரியம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அம்மாவோ அத்தையோ காலேஜ் போயிருக்கிற வீட்டில், "எனக்கும் முதல் மாசம் அப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் பழகிடும்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும். நம்மில் பல வீடுகளில் முதன்முதலாகக் காலேஜ் வாசல்படி ஏறுவதே இந்தப் பொண்ணுதான். அந்த ஒரு வார்த்தை சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால், தனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறது, தனக்குத் தகுதி இல்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறாள்.

அவள் தனி ஆள் இல்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் தொகையில் 100-க்கு 47 என்ற கணக்கில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள். இந்தியா முழுவதற்கும் இது 28 தான். அந்த 47 பேரில் எத்தனையோ பேர் வீட்டிலேயே முதல் ஆளாகப் போனவர்கள்தான்.

நம்ம வீட்டில் பயம் சீக்கிரம் முடிவாகிவிடுகிறது

பொண்ணு "போகல" என்று சொன்னதும் நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? மூன்று பதில் தயாராக இருக்கிறது.

ஒன்று, தறி. "சரி விடு, அப்பாவுக்குத் துணையா தறியில உட்காரு. தார் சுத்த ஆள் இல்லாமத்தான் கஷ்டப்படுறோம்."

இரண்டு, கம்பெனி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேன் வருகிறது. "பக்கத்து வீட்டுப் பொண்ணு மாசா மாசம் சம்பளம் கொண்டு வருது பாரு."

மூன்று, கல்யாணம். "படிப்பு வரலன்னா ஒரு நல்ல இடமா பார்த்து முடிச்சிடலாம்."

தறி வேலை கேவலம் இல்லை. கம்பெனி வேலையும் அப்படித்தான். நம்மில் பாதிப்பேர் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் அது யோசித்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும். பொண்ணு ஒரு திங்கட்கிழமை அழுதாள் என்பதற்காகச் செவ்வாய்க்கிழமை எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது. பயம் பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ குறைந்துவிடும். நிறுத்திய படிப்பை மறுபடி தொடங்குவது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

தறி வீட்டுப் பெண்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப் பாவு வந்தால் பழைய பாவு இழையோடு ஒவ்வொரு இழையாகப் பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழை. கண் வலிக்கும், இடுப்பு வலிக்கும். அன்றைக்கு ஒரு முழம் கூடச் சேலை விழாது. அதற்காகத் தறியையே கழற்றிப் போடுகிறோமா? காலேஜில் முதல் ஒரு மாதம் அந்தப் பிணைக்கிற வேலைதான்.

எதற்குப் பயம் என்று பிரித்துக் கேளுங்கள்

"பயமா இருக்கு" என்பது ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து தனித்தனிச் சாமான் இருக்கும். "எதுக்குப் பயம்? பஸ்ஸுக்கா? இங்கிலீஷுக்கா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சமையல் செய்யும்போதோ, தார் சுற்றும்போதோ, பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள். நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

1. இங்கிலீஷ் பயம்

நம்ம பகுதியில் அதிகம் கேட்கிற பயம் இதுதான். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வாரம் வகுப்பு ஒன்றுமே புரியாத மாதிரி இருக்கும். பாடம் தெரியாததால் இப்படி ஆவதில்லை. பிளஸ் டூவில் "முடுக்கம்" என்று படித்ததை இங்கே வேறு பெயரில் சொல்கிறார்கள். விஷயம் பழையது, பேர் புதுசு. பேர் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

என்ன செய்யலாம்?

- தினம் வகுப்பில் காதில் விழுந்த ஐந்து பாட வார்த்தைகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழ் வார்த்தையை எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூறு வார்த்தைக்கு மேல் சேர்ந்துவிடும். வகுப்பில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த வார்த்தைகள்தான்.
- பிளஸ் டூ தமிழ்ப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் வருஷப் பாடத்துக்கு அதுதான் துணை.
- அரசு கலைக் கல்லூரிகளில் பல பாடங்களுக்குத் தமிழ் வழி வகுப்பும் உண்டு. சேரும்போதே விசாரியுங்கள்.
- பல கல்லூரிகளில் தொடக்கத்தில் சில நாள் அறிமுக வகுப்பு நடத்துகிறார்கள். "பாடம் இன்னும் ஆரம்பிக்கலையாம்" என்று பிள்ளை வீட்டில் இருந்துவிட வேண்டாம். இங்கிலீஷ் அடிப்படை, கல்லூரி விதிகள் எல்லாம் அப்போதுதான் சொல்வார்கள். நாலு சிநேகிதிகள் கிடைப்பதும் அந்த நாட்களில்தான்.

காஞ்சிபுரத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அறிஞர் அண்ணா 1909-ல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவரை வளர்த்தது சித்தி ராசாமணி அம்மையார். பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். பிறகு மறுபடியும் படிப்புக்குத் திரும்பி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர்தான். 1934-ல் பட்டம் வாங்கினார். பொருளாதாரம், அரசியல் படித்து முதுகலைப் பட்டமும் பெற்றார். முதலமைச்சராக இருந்தபோது 1968-ல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே போய் இங்கிலீஷில் பேசினார். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2. சீனியர் பயம், ராகிங் பயம்

சினிமாவில் பார்த்தது, யாரோ சொன்னது எல்லாம் சேர்ந்து இந்தப் பயம் வருகிறது. இதில் சட்டம் நம்ம பக்கம் இருக்கிறது. 1996-ல் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாவரசு என்ற முதலாண்டு மாணவர் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் எல்லாக் கல்லூரிகளுக்கும் விதிமுறை போட்டது. கல்லூரியில் சேரும்போது ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி கேட்பது அதனால்தான்.

பாட்டுப் பாடு, ஆடிக் காட்டு, என் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடு என்று கட்டாயப்படுத்துவதும் ராகிங்தான். பிள்ளை தன் வகுப்பு ஆசிரியரிடமோ, கல்லூரியில் உள்ள ராகிங் தடுப்புக் குழுவிடமோ சொல்லலாம். 1800-180-5522 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். இந்த எண்ணைப் பொண்ணின் போனிலும், உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

அதே சமயம் எல்லா சீனியரும் எதிரி இல்லை. எந்தப் புத்தகம் வாங்க வேண்டாம், எந்தப் பஸ் சரியான நேரத்துக்கு வரும், எந்த மேடத்திடம் சந்தேகம் கேட்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நம்ம ஊரிலிருந்து ஏற்கெனவே அந்தக் கல்லூரிக்குப் போகிற ஒரு அக்காவை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வையுங்கள். முதல் வாரம் அவள் கூடப் போகட்டும்.

3. பஸ் பயம்

தாமலிலிருந்து ஒரு பக்கம் பாலுசெட்டிசத்திரம் தாண்டிக் காஞ்சிபுரம். அங்கே பச்சையப்பன் ஆடவர் கல்லூரி, பச்சையப்பன் மகளிர் கல்லூரி, ஏனாத்தூர்ப் பக்கம் சங்கரா கல்லூரி எல்லாம் இருக்கின்றன. இன்னொரு பக்கம் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் வாலாஜாபேட்டையில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி. எந்தப் பக்கம் போனாலும் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொட்டுத்தான் போக வேண்டும். லாரியும் காரும் பறக்கிற ரோடு. பயப்படுவதில் தப்பில்லை.

கல்லூரி திறப்பதற்கு முன்னால் ஒரு நாள், காலேஜ் நேரத்துக்கே நீங்களும் பொண்ணும் அந்தப் பஸ்ஸில் போய் வாருங்கள். எங்கே ஏறணும், எங்கே மாறணும், ரோட்டை எங்கே தாண்டணும், ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும், கழிப்பறை எங்கே இருக்கு, எல்லாவற்றையும் பார்த்து வந்துவிடுங்கள். ஒரே ஒரு நாள் கூலி போகும். ஆனால் பொண்ணுக்கு வழி தெரிந்துவிடும், உங்களுக்கும் மனசு அடங்கும்.

சில கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதியம் ஷிப்ட் என்று இரண்டு உண்டு. எந்த ஷிப்ட், கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு நம்ம ஊருக்கு எந்தப் பஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டும் நேரமானால் பஸ் ஸ்டாப்புக்கு யார் வந்து நிற்பது என்று வீட்டில் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

4. பெயில் ஆகிவிடுவோமோ என்ற பயம்

காலேஜ் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இல்லை. அம்மாக்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால் 25 மார்க் கல்லூரியிலேயே போடுவார்கள். உள்தேர்வு, அசைன்மென்ட் எல்லாம் அதில் வரும். மீதி 75 செமஸ்டர் பரீட்சைக்கு. ஒழுங்காக வகுப்புக்குப் போய், சொன்ன தேதியில் அசைன்மென்ட் கொடுத்தாலே அந்த 25-ல் நல்ல மார்க் வாங்கலாம்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். நான்கு நாளில் மூன்று நாள் கட்டாயம் போக வேண்டும் என்று அர்த்தம். அது குறைந்தால் பரீட்சை எழுதுவதிலேயே சிக்கல் வரும். அதனால் நாத்து நடவு, வீட்டு விசேஷம், தறியில் அவசர ஆர்டர் என்று பொண்ணை நிறுத்தி வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விட்டுக்கொடுத்திருப்பார். இங்கே விதி விடாது.

ஒரு பாடத்தில் தவறினால் அதற்கு அரியர் என்று பேர். அதனால் வருஷம் வீணாகிவிடாது. அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டே அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதிக்கொள்ளலாம். முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு அரியர் வைத்துப் பிறகு எழுதித் தேறிய பிள்ளைகள் ஏராளம். "பெயிலாயிட்டா, இனி படிப்பு எதுக்கு?" என்று அன்றைக்கு வீட்டில் யாராவது கேட்டால், நீங்கள்தான் குறுக்கே நிற்க வேண்டும்.

5. பணப் பயம்

பிள்ளைகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "எனக்குக் காலேஜ் பிடிக்கல" என்பார்கள். உள்ளே பார்த்தால், அப்பா கடன் வாங்குகிறாரே, தம்பிக்கும் பீஸ் கட்டணுமே என்ற கவலை இருக்கும். தினம் வேறு வேறு சுடிதார் போட வேண்டுமே என்ற கூச்சமும் இருக்கும். வீட்டுக் கணக்கைப் பொண்ணிடம் திறந்து சொல்லுங்கள். எவ்வளவு கடன், எப்படிக் கட்டப்போகிறோம் என்று தெரிந்தால் அவளுக்குப் பாரம் குறையும்.

கிடைக்கக்கூடிய உதவிகள்:

- புதுமைப்பெண் திட்டம்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் பட்டமோ டிப்ளமோவோ முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் என்பது திட்டம். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். பணம் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இந்த ஆண்டுக்கான விதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.
- முதல் பட்டதாரிச் சான்று: குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுக் கவுன்சிலிங் மூலம் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.
- 7.5 சதவீத இட ஒதுக்கீடு: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் வந்தது.
- உதவித்தொகை, விடுதி: பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறைகள் மூலம் உதவித்தொகையும், தினம் போய்வர முடியாத பிள்ளைகளுக்கு விடுதியும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று தயாராக வையுங்கள்.
- வங்கிக் கல்விக் கடன்: வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருஷமும் கழித்துத் தவணை தொடங்கும். கந்துவட்டிக்கு வாங்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சொல்லப்படாத ஒரு பயம்

இதுவரை சொன்ன பயங்களைப் பிள்ளைகள் எப்படியாவது சொல்லிவிடுவார்கள். சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது. அது நம்மைப் பற்றிய பயம்.

பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான். தினமும் ஒருவன் பின்னாலேயே வருகிறான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நம்பரை எடுத்து யாரோ மெசேஜ் போடுகிறான். போட்டோவை வைத்து மிரட்டுகிறான். பொண்ணு இதை வீட்டில் சொல்வாளா? பல பிள்ளைகள் சொல்வதில்லை. நாங்கள் வளரிளம் பெண்கள் கூட்டங்களில் ஏன் என்று கேட்டால், திரும்பத் திரும்ப வருகிற பதில் ஒன்றுதான். "சொன்னா காலேஜை நிறுத்திடுவாங்க மேடம்."

யோசித்துப் பாருங்கள். தப்பு செய்தவன் எவனோ. தண்டனை நம்ம பிள்ளைக்கு. இது தெரிந்துதான் அவர்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததால் சின்ன விஷயம் பெரிசாகிறது. மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். "வீட்ல சொல்லிடுவேன்" என்பதுதான் அவன் ஆயுதமே.

இந்த ஆயுதத்தை அம்மாவால் பிடுங்க முடியும். கல்லூரி திறக்கும் முன்பே பொண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள். "எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லு. நான் திட்ட மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்ப்போம்." ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டாள். நாலு தடவை சொல்லுங்கள். முடிந்தால் அவள் அப்பா வாயாலும் சொல்ல வையுங்கள். அவள் ஏதாவது சொல்லும் நாளில் இந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அன்றைக்குக் கோபத்தில் "நாளையிலிருந்து போக வேணாம்" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அவள் எதையும் சொல்ல மாட்டாள். அவள் தங்கையும் சொல்ல மாட்டாள்.

என்ன செய்யலாம் என்பதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், 2015-ல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதியும் சொல்கின்றன. பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. இணையத்தில் மிரட்டல், மோசடி என்றால் 1930. மெசேஜையும் போட்டோவையும் பயந்துபோய் அழித்துவிட வேண்டாம். அதுதான் சாட்சி.

முதல் மாதம் அம்மா செய்ய வேண்டியவை

முதல் வாரம்: "பாடம் புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரிந்திருக்காது. "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த? சாப்பாடு எங்க சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் வாரம்: வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன என்று கேளுங்கள். அவரிடம் போய் ஒரு தடவையாவது தானாகப் பேசச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் பற்றிக் கேட்பதாக இருந்தால் கூடப் போதும். பேச்சு ஆரம்பித்தால் சரி.

மூன்றாம் வாரம்: படிக்க இடமும் நேரமும் ஒதுக்குங்கள். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரமாவது டிவியை நிறுத்துங்கள். பாத்திரம், தண்ணீர் வேலைகளில் தம்பிக்கும் பங்கு கொடுங்கள். காலேஜ் போய் வந்த களைப்போடு எல்லா வேலையும் அவள் தலையில் விழுந்தால், அலுப்பும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

நான்காம் வாரம்: கல்லூரியில் பெற்றோர் கூட்டம் இருந்தால் போய் வாருங்கள். "எனக்குப் படிப்பில்ல, நான் போய் என்ன பேசறது?" என்று தயங்காதீர்கள். பேங்க் மேனேஜரிடம் கடனுக்குப் பேசுகிற நமக்கு, பேராசிரியரிடம் "எம்பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்கத் தெரியாதா?

இவ்வளவும் செய்து முதல் செமஸ்டர் வரை பொறுத்திருங்கள். அதன் பிறகும் அந்தப் பாடம் ஒத்துவரவில்லை என்றால், வேறு பாடம், பாலிடெக்னிக், ஐடிஐ, நர்சிங், தொலைதூரக் கல்வி என்று வேறு வழிகளைப் பொண்ணோடு உட்கார்ந்து பேசலாம்.

பயம் எல்லை தாண்டினால்

சில பிள்ளைகளுக்கு இது சாதாரணப் பயத்தைத் தாண்டிப் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை, காலையில் கிளம்பும்போதே மூச்சு முட்டுகிறது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று பேசுகிறாள் என்றால் தாமதிக்காதீர்கள். மந்திரிக்கப் போவதோடு நிறுத்திவிடாமல் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் எந்த நேரமும் பேசலாம். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பது போலத்தான் இதுவும். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

இதை ஒரு வீட்டுப் பிரச்சனை என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு அம்மாவும் தனியாகத் தவிப்பார். குழுவாகச் செய்தால் சுலபம். அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. இந்த வருஷம் நம் குழு உறுப்பினர் வீடுகளிலிருந்து யார் யார் கல்லூரியில் சேர்கிறார்கள் என்று ஊக்குநர் ஒரு பட்டியல் எடுக்கட்டும்.
2. ஏற்கெனவே கல்லூரியில் படிக்கிற, படித்து முடித்த பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் புதுப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச வையுங்கள். நாம் பத்து தடவை சொல்வதை அவர்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.
3. ஒரே பஸ்ஸில் போகிற பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலே பயம் பாதியாகும்.
4. ஜூன், ஜூலையில் கல்விச் செலவுக்கான உள்கடனுக்கு முன்னுரிமை கொடுங்கள். பஸ் செலவு, புத்தகம் போன்ற சின்னத் தொகைக்கும் மறுக்காதீர்கள்.
5. செப்டம்பர் மாதக் கூட்டத்தில் பட்டியலை மறுபடி எடுத்து, யாராவது நின்றுவிட்டார்களா என்று பாருங்கள். நின்றிருந்தால் இரண்டு உறுப்பினர்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கடன் தவணை தவறினால் வீடு தேடிப் போகிறோம் அல்லவா? படிப்பு தவறினாலும் போவோம்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்று சொல்லி முடிக்கிறோம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அங்கே மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கிற இடத்தில் பெண் எப்படிப் படிக்கலாம் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது அவர் முயற்சியால்தான். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு ராஜா அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நம்ம பொண்ணுக்கு ராஜா உத்தரவு தேவையில்லை. காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, "போயிட்டு வாம்மா, சாயங்காலம் வந்து எல்லாம் சொல்லு" என்று அம்மா சொன்னால் போதும்.

புதிதாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் கூட்டமைப்பின் சார்பில் வாழ்த்துக்கள்!